செங்கல்பட்டுச் சமவெளியில் ஈரலுருத் தாவரத் தேடல்

ஈரலுருத் தாவரங்கள் உண்மையான வேர், பூ, விதை ஆகியவை இல்லாத சிறிய நிலத் தாவரங்களாகும். மாஸ்களுடன் சேர்த்து இவை பிரையோஃபைட்டுகள் என வகைப்படுத்தப்படுகின்றன. உலகில் 7,000க்கும் மேற்பட்ட இனங்களும், இந்தியாவில் சுமார் 900 இனங்களும் அறியப்பட்டுள்ளன.

மலையை நோக்கிய தேடல்

தென்னிந்தியாவில் இத்தேடலின் வரலாறு பெரும்பாலும் மலைகளின் வரலாறே. பெரோத்தே நீலகிரியில் சேகரித்த பூவாத் தாவரங்களின் பட்டியலை மொன்டாஞ் 1842இல் வெளியிட்டார். இந்தியப் பிரையோஃபைட்டு ஆய்வின் தந்தை எனப்படும் சிவராம் காசியப், மேற்கு இமயமலை, பஞ்சாப் சமவெளி ஆகியவற்றின் ஈரலுருத் தாவரங்களைப் பற்றிய தம் நூலை 1929, 1932 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்டார். கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் வாழ்ந்த இயேசு சபைக் குரு ஜார்ஜ் ஃபோரோ (1889–1967) பழனிமலை மாஸ்களைப் பல ஆண்டுகள் சேகரித்தார். அவரது பட்டியல் 1961இல் வெளிவந்தது.

சமவெளியின் நிலை

மலைச் சோலைகளில் மூடுபனி மரப்பட்டைகளை நனைத்துக்கொண்டே இருப்பதால், ஃபுருல்லானியா, லெஜூனியா போன்ற இலையுருவ வகைகள் அங்கு எளிதில் கண்ணில் படுகின்றன. மாமல்லபுரக் கடற்கரையின் உப்புக்காற்றும், வெயிலில் காயும் பாறைகளும் இவற்றுக்கு ஏற்றவை அல்ல. கடல்நீரில் வாழும் பிரையோஃபைட்டு எதுவும் இல்லை.

ஆயினும் ஏரிகள் நிறைந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழை வேறொரு வாய்ப்பைத் தருகிறது. நீர் வடியும் ஏரிச் சேறு, வயல் வரப்பு, நிழலான பழஞ்சுவர் ஆகியவை தட்டையான உடலம் கொண்ட வகைகளுக்கு ஏற்ற இடங்கள். இவற்றுள் முதன்மையானது ரிக்சியா. இதன் ஸ்போர்கள் உடலத்துக்குள்ளேயே உருவாகி, உடலம் அழுகியபின் மண்ணில் தங்கிக் கோடையைக் கடந்து, அடுத்த மழையில் முளைக்கின்றன. எனவே மே மாதத்தில் வெறுமையாகத் தோன்றும் அதே ஏரிக்கரை டிசம்பரில் பச்சை வட்டங்களுடன் காணப்படலாம்.

பதிவும் இன்மையும்

ஓர் இனம் எத்தனை முறை கிடைக்கிறது என்ற எண்ணிக்கை அதன் மிகுதியை மட்டும் காட்டுவதில்லை. தேடியவர் சென்ற இடத்தையும் பருவத்தையும் சேர்த்தே காட்டுகிறது. பெரிய உடலம் கொண்ட மார்க்கான்சியா எவர் கண்ணிலும் படும். சில மில்லிமீட்டர் அளவே உள்ள ரிக்சியாவைக் குனிந்து பார்ப்பவரே காண்பர். ஆதலால், எதுவும் கிடைக்காத நாளையும் இடம், தேதி, மழை விவரம் ஆகியவற்றுடன் குறித்து வைப்பது ஆர்வலரின் முதன்மையான பணியாகும். அக்குறிப்பு இல்லையேல், தேடப்படாத ஏரியும் தேடியும் கிடைக்காத ஏரியும் பட்டியலில் ஒன்றாகவே தோன்றும்.