நடுக்களத்தில் நின்ற பெண்கள்

திருவண்ணாமலை என்றதும் அருணாசல மலையும் கார்த்திகைத் தீபமுமே பலருக்கு நினைவில் எழும். நாம் சொல்வது வேறொரு திருவண்ணாமலை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அண்மையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் நிழல் விழும் தொலைவில், சிறு குன்றின்மேல் பெருமாள் கோயில் அமைந்த சிற்றூர் அது. அங்கிருந்து இராஜபாளையம் செல்லும் வழியெங்கும் நூற்பாலைகளும் தோப்புகளும் காணப்படும். அவ்வழியே ஒரு மாலைப்பொழுதில் வந்துகொண்டிருந்த நாம், பள்ளித் திடலொன்றில் பெண்பிள்ளைகள் பந்து உதைப்பதைக் கண்டு சற்று நின்றோம். வேடிக்கை பார்க்க நின்றோம் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. அந்தப் பிள்ளைகளுள் ஒருத்தி நம் பேத்தி. அவள் திடலில் இறங்கியிருக்கிறாள் என்பதை அன்றுதான் நாம் அறிந்தோம்.

இரவு அவள் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். பள்ளி அணியில் சேரப் பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டுமாம். தகப்பன் தம்மாமில் வேலை பார்ப்பதால் கையொப்பமிடும் பொறுப்பு நம்முடையதாயிற்று. "எந்த இடத்தில் ஆடுகிறாய்?" என்று கேட்டோம். "நடுவில், அப்பா" என்றாள். (பாட்டனாரை 'அப்பா' என்றழைப்பது எங்கள் வீட்டு வழக்கம்.) அன்றிரவு நாம் கையொப்பமிடவில்லை, மறுக்கவுமில்லை. புத்தகங்களைப் புரட்டத் தொடங்கினோம். அவ்வாறு தேடியதில் கிடைத்தவற்றையே வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

பெண்கள் பந்து உதைப்பது நேற்று முளைத்த புதுமை என்று எண்ணியிருந்தோம். அது பிழை. 1920 டிசம்பர் 26 அன்று இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், எவர்ட்டன் கழகத்தின் குடிசன் பார்க் திடலில், பெண்கள் அணிகள் இரண்டு மோதின. அதனைக் காண 53,000 பேர் கூடினர். இடம் கிடைக்காமல் வெளியே நின்றோர் ஆயிரக்கணக்கினர். போர்க்காலத்தில் தொழிற்சாலைகளில் உழைத்த பெண்கள் அறச்செயல்களுக்கு நிதி திரட்ட ஆடிய ஆட்டங்கள் அவை. ஓராண்டு கழிவதற்குள், 1921 டிசம்பர் 5 அன்று, தன் உறுப்புக் கழகங்களின் திடல்களைப் பெண்களுக்குத் தரக்கூடாது என்று ஆங்கிலேயக் கால்பந்துச் சங்கம் தீர்மானித்துவிட்டது. கால்பந்து பெண்களுக்கு ஒவ்வாத ஆட்டம் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஐம்பதாயிரம் பேர் கூடியதுதான் காரணமோ என்று நமக்கு ஓர் ஐயம். அந்தத் தடை அரை நூற்றாண்டுக் காலம் நீடித்தது.

ஜெர்மனியின் கதை இதனினும் சுவையானது. மேற்கு ஜெர்மனியின் கால்பந்துச் சங்கம் 1955 ஜூலையில் பெண்கள் ஆட்டத்தைத் தடை செய்தது. பெண்மையின் இயல்புக்கு அது பொருந்தாது, உடலும் உள்ளமும் கெடும், உடலை அப்படி வெளிக்காட்டுவது நாணத்துக்கு இழுக்கு என்றெல்லாம் அன்றைய பெரியவர்கள் எழுதி வைத்தனர். பெண்பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்பத் தயங்குவது நம் சமுதாயத்தின் தனிக்குணம் என்று நம்மவரும் பிறரும் பேசிக்கொள்கிறோமே! ஐரோப்பாவின் நடுவே, நம் காலத்திலேயே, அதே சொற்களை அந்நாட்டார் சட்டமாகவே இயற்றியிருந்தனர். 1970 அக்டோபர் 31 அன்று தடையை நீக்கினர். நீக்கியபோதும் முழு மனத்தோடு நீக்கவில்லை. ஆட்ட நேரம் குறைவு, பந்து சிறியது, அடியில் முளை வைத்த காலணி கூடாது, குளிர்காலத்தில் ஆறு திங்கள் ஓய்வு என நிபந்தனைகள் பல இருந்தன.

அந்நாட்டுப் பெண்கள் அணி முதல் பன்னாட்டு ஆட்டத்தை 1982 நவம்பர் 10 அன்றுதான் ஆடியது. கோப்லென்ஸ் நகரில் சுவிட்சர்லாந்தை 5-1 என வென்ற அந்த ஆட்டத்தில், இடையில் களமிறங்கிய 18 வயதுப் பெண் ஒருத்தி இரு கோல்கள் அடித்தாள். சில்வியா நைட் என்பது அவள் பெயர், நடுக்கள ஆட்டக்காரி. 1989-இல் அவ்வணி நார்வேயை 4-1 என வீழ்த்தி ஐரோப்பியப் பட்டத்தை வென்றபோது, ஒவ்வொரு பெண்ணுக்கும் சங்கம் அளித்த பரிசு என்ன தெரியுமா? ஒரு காப்பிக் கோப்பைத் தொகுப்பு. ஆட்டம் முடிந்ததும் அடுப்படிக்குச் சென்றுவிடுங்கள் என்று சொல்லாமல் சொன்னார்கள் போலும்.

இனி நாம் சொல்லப்போகும் பெண்ணின் வரலாறுதான் நம்மை இரவெல்லாம் விழித்திருக்கச் செய்தது. ஃபத்மிரே பைராமாய் என்பது அவள் பெயர். லிரா என்று அழைப்பர். 1988 ஏப்ரல் 1 அன்று கொசோவோவில், அல்பேனிய முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்தாள். அந்நிலம் அன்று யூகோஸ்லாவியாவில் அடங்கியிருந்தது. அங்கே அல்பேனியர்மீது ஒடுக்குமுறை மிகுந்தபோது, 1993-இல், பெற்றோர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஜெர்மனியில் தஞ்சம் புகுந்தனர். மோன்ஷன்கிளாட்பாக் நகரில் குடியமர்ந்தனர். அகதிக்கு ஊர் ஏது, உறவு ஏது? மொழியும் தெரியாது. அந்தச் சிறுமிக்குத் தெரிந்த பொதுமொழி பந்து ஒன்றே. தம் மகள் பந்து உதைப்பதில் தகப்பனாருக்கு உடன்பாடில்லை. ஆகவே அவருக்குத் தெரியாமல் அவள் கீசன்கிர்ஷன் என்ற பகுதிக் கழகத்தில் ஆடினாள். தாயாருக்கு அது தெரிந்திருந்தது. பின்னர் அவள் ஆட்டத்தைத் தம் கண்ணால் கண்ட தகப்பனார், அன்று தொட்டு அவளுக்கு உறுதுணையானார்.

இந்த இடத்தில் நூலை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் அமர்ந்திருந்தோம். மகள் மறைந்து ஆடினாளே என்று அந்தத் தகப்பனார் சினந்திருந்தால் அவரைக் குறைசொல்ல நமக்கு மனம் வராது. நாடிழந்து வந்தவருக்கு மானம் ஒன்றுதான் மிஞ்சிய உடைமை. அந்நிய மண்ணில் மகளை அதற்குமேல் எவ்வாறு காப்பது என்பதே அவரது கவலையாய் இருந்திருக்கும். ஆயினும் அவர் கண்ணால் கண்டார். கண்டபின் மனம் மாறினார். காணாமலே முடிவு செய்வோர் பலர். நாமும் அவ்வாறு செய்ய இருந்தோம்.

லிரா 2004-இல், 16 வயதில், டூயிஸ்பர்க் கழகத்தில் சேர்ந்தாள். மறு ஆண்டு அக்டோபரில் ஜெர்மன் நாட்டணிக்காக முதன்முறை களமிறங்கினாள். 2007-இல் சீனத்தில் நடந்த உலகக் கோப்பையில் ஜெர்மனி ஒரு கோலும் வாங்காமல் பட்டம் வென்றது. 19 வயது லிரா அந்த அணியில் இருந்தாள். அணியின் பயிற்சியாளர் யார் எனில், முதல் ஆட்டத்தில் இரு கோல்கள் அடித்த அதே சில்வியா நைட். அடுத்த ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் ஜப்பானை 2-0 என ஜெர்மனி வென்றது. இரு கோல்களும் லிராவின் கால்களிலிருந்து வந்தவை. அகதியாய் வந்த சிறுமி உலக வெற்றியாளரான கதையைப் பின்னர் அவள் நூலாகவும் வெளியிட்டாள்.

அது ஜெர்மனி, நமக்கென்ன என்று கேட்கலாம். நம் நாட்டிலும் வரலாறு உண்டு. 1975-இல் லக்னோவில் இந்தியப் பெண்கள் கால்பந்துச் சம்மேளனம் தோன்றியது. ஜெர்மனி தன் பெண்களுக்கென நாட்டணி அமைப்பதற்கு ஏழாண்டுகள் முன்பே! 1980-இல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்கள் இரண்டாமிடம் பெற்றனர். அதன்பின் கேட்பாரற்றுப் போன ஆண்டுகள் பல. தேசியப் போட்டியில் மணிப்பூர் அணியின் கொடியே பெரும்பாலும் பறந்தது.

அந்த ஆதிக்கத்துக்கு ஓரிடைவெளி உண்டாக்கியவர்கள் தமிழகப் பெண்கள். அவர்களுள் பலரை ஈந்தது கடலூர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அழித்துச் சென்ற அதே கடற்கரை. அங்கே மாரியப்பன் என்ற பயிற்சியாளரிடமும், இந்திரா காந்தி பெயரில் அமைந்த விளையாட்டு, கல்வி அகாதெமியிலும் பயின்று எழுந்தவர்கள் மீனவர் குப்பத்துப் பிள்ளைகளும் ஏழை எளியோர் பிள்ளைகளும். அரசுக் காப்பகத்தில் வளர்ந்த சந்தியா ரங்கநாதன் அவர்களுள் ஒருவர். சுமித்ரா காமராஜ் மற்றொருவர். நடுக்களத்தில் நின்றவர் இந்துமதி கதிரேசன்.

1994 ஜூன் 5 அன்று பிறந்த இந்துமதியின் தொடக்க ஆட்டங்களைப் பார்த்தவர்கள் அவருடைய பொறுமையைச் சொல்வர். நடுக்களத்தில் நிற்பவரின் வேலை விந்தையானது. பின்னிருப்போர் தடுத்துப் பறித்த பந்தை வாங்கி, முன்னிருப்போருக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும். இரு புறமும் ஓடவேண்டும். கைதட்டல் பெரும்பாலும் கோல் அடிப்பவருக்கே சேரும். கூட்டுக் குடும்பத்தில் நடுமகளின் பாடு என்று இதனை நாம் நினைத்துக்கொண்டோம்.

ஆனால் இந்துமதி கோலும் அடித்தார். 2017 ஜனவரி 4 அன்று சிலிகுரியில் நடந்த தெற்காசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் வங்கதேசத்தை இந்தியா 3-1 என வென்றது. மூன்றாவது கோல் அவருடையது. 2018 பிப்ரவரியில், கட்டாக் நகரில், மணிப்பூரை 2-1 என வென்று தமிழ்நாடு முதன்முறையாகத் தேசியப் பட்டத்தை ஏந்தியபோது அந்த அணியிலும் அவர் இருந்தார். 2019 மார்ச்சில் நேபாளத்தின் விராட்நகரில் நடந்த தெற்காசியப் போட்டியில் 4 கோல்கள் அடித்தார். அந்தப் பட்டமும் இந்தியாவுக்கே.

இதன் நடுவே நம் வாசகர்கள் உவப்புடன் அறியத்தக்க செய்தி ஒன்றுண்டு. மதுரையைத் தாயகமாகக் கொண்டு 2016-இல் சேது கால்பந்துக் கழகம் தோன்றியது. பெண்களுக்கென்றே உருவான அக்கழகத்தை நிறுவியவர் சீனி மொகைதீன். 2019 மே 22 அன்று லூதியானாவில் மணிப்பூர் காவல்துறை அணியை 3-1 என வீழ்த்தி இந்திய மகளிர் லீக் பட்டத்தை அக்கழகம் கைப்பற்றியது. இந்துமதியும் சந்தியாவும் அந்த அணியினர். கடலூர்க் குப்பத்துப் பிள்ளைகளின் திறமைக்குக் களம் அமைத்தவர் நம் சமுதாயத்தைச் சேர்ந்த ஒருவர் என்பதை எத்தனை பேர் அறிவர்?

இந்துமதி தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளருமானார். 2020-இல் கொரோனாப் பெருந்தொற்று பரவியபோது, பந்தை ஒதுக்கி வைத்துவிட்டுச் சென்னைத் தெருக்களில் கடமையாற்றினார். திடலில் கற்ற ஓட்டம் அங்கேயும் உதவியிருக்கும்.

உடை பற்றிய கேள்வியை நாம் தாண்டிச் செல்ல இயலாது. நம் வீட்டிலும் முதலில் எழுந்தது அதுதான். 2007-இல் கனடாவில் 11 வயதுச் சிறுமி ஒருத்தியைத் தலைமுக்காட்டின் பொருட்டுத் திடலிலிருந்து வெளியேற்றினர். 2011 ஜூனில் அம்மான் நகரில், ஒலிம்பிக் தகுதிச் சுற்றில், ஈரானியப் பெண்கள் தலையை மறைத்திருந்ததால் ஆடவே விடாமல் ஆட்டத்தை ஜோர்டானுக்கு அளித்தனர். அந்தப் பெண்கள் திடலிலேயே அழுதனர். அவர்களுக்காக வாதாடியவர் ஜோர்டான் இளவரசர் அலீ பின் ஹுசைன். வெற்றி பெற்ற நாட்டின் இளவரசரே தோற்றவர்களுக்காகப் பேசினார் என்பது நினைக்கத்தக்கது. 2012-இல் சோதனை முறையில் அனுமதி கிடைத்தது. 2014 மார்ச் 1 அன்று அது நிலையான விதியாயிற்று. 2023-இல் மொராக்கோவின் நுஹைலா பென்ஸீனா முக்காடணிந்து உலகக் கோப்பைத் திடலில் இறங்கினார். பெரியோர் உலகக் கோப்பையில் அவ்வாறு ஆடிய முதல் பெண் அவரே. அன்று மொராக்கோ தென்கொரியாவை 1-0 என வென்றது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடி, முதன்முறை தாம் முந்தியதையும் பின்னொரு முறை அவர்கள் முந்தியதையும் தாமே எடுத்துரைத்த ஹதீஸை நம் ஆலிம்கள் அறிவர். அதிலிருந்து இக்கால ஆட்டத்துக்குச் சட்டம் வகுக்க நாம் முற்படவில்லை. அது ஆலிம்களின் துறை. பேத்திக்கு அந்த நிகழ்ச்சியைச் சொன்னோம். "யார் ஜெயிச்சாங்கன்னு அவங்களே சொன்னாங்களா?" என்று வியந்து கேட்டாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து தம்மாமிலிருந்து மகன் பேசினான். தாளைப் பற்றிச் சொன்னோம். லிராவின் தகப்பனாரைப் பற்றியும் சொன்னோம். வெகுநேரம் அவன் எதுவும் பேசவில்லை. பிறகு, "பயிற்சி எத்தனை மணிக்கு முடியும் வாப்பா? மஃரிபுக்கு முந்தி வீட்டுக்கு வந்துருவாளா?" என்று மட்டும் கேட்டான். வந்துவிடுவாள், நாமே போய் அழைத்து வருவோம் என்றோம்.

இப்போது மாலைதோறும் அந்தத் திடலின் ஓரத்தில், வேப்பமரத்தடிக் கல்லில் அமர்ந்திருக்கிறோம். நேற்று அவள் பந்தை மூன்று முறை பறிகொடுத்தாள்.