நோய்த் தடையும் சீட்டுத் தடையும்: கடல் கடந்த கல்வி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கொள்ளைநோய் பரவுங் காலத்தில் வழிச்செல்வோரைத் தடுத்து நிறுத்தும் வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. அதிரியாத்திக் கடற்கரையிலிருந்த இரகூசா நகரம் 1377ஆம் ஆண்டிலேயே, நோய் கண்ட இடங்களிலிருந்து வருவோர் முப்பது நாள் புறத்தே தங்கிய பின்னரே நகருள் நுழைதல் வேண்டுமென விதி வகுத்தது. பின்னாளில் முப்பது நாற்பதாயிற்று. நாற்பது என்னும் பொருளுடைய வெனிசு நகரத்துச் சொல்லிலிருந்தே 'குவாரண்டைன்' என்னும் பெயர் பிறந்தது. அப்பெயரிலேயே நாட்கணக்கு அடங்கியிருத்தல் கருதத்தக்கது. தடுக்கப்பட்டவன் துன்புற்றான், எனினும் அத்துன்பம் எந்நாளில் முடியுமென்பதை அவன் அறிந்திருந்தான்.

2020ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய கொவிட் நோய், அயல்நாடுகளிற் கல்வி பயின்ற மாணவரையும் பயிலப் புறப்பட்ட மாணவரையும் வழிமறித்தது. அம்மறிப்பில் இருவகைத் தடைகள் கலந்திருந்தன. ஒன்று நோய் கருதிய தடை. மற்றொன்று கடவுச்சீட்டு, விசா, கல்வி அனுமதி என்னும் சீட்டுகள் கருதிய தடை. முன்னையதற்கு நாட்கணக்கு உண்டு; பின்னையதற்கு அஃது இல்லை. இவ்விரண்டின் வேறுபாட்டை உணர்தற்கு எம் மலையக மக்களின் வரலாறு பெரிதும் துணைசெய்யும் என்பதை எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சீட்டு வேண்டாக் காலம்

கடல் கடந்து கற்றல் ஈழத்தமிழர்க்குப் புதிதன்று. சிறுப்பிட்டியில் 1832ஆம் ஆண்டு பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிய 1857ஆம் ஆண்டிலேயே அதன் முதற் பட்டதாரிகளுள் ஒருவராய்த் தேறினார். அவருடன் தேறிய விசுவநாதபிள்ளை அவர்களும் யாழ்ப்பாணத்தவரே. பாக்கு நீரிணையைக் கடக்கும் மாணவனிடம் கல்வி அனுமதி கேட்பார் அக்காலத்தில் இலர். 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலமும், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான கப்பற் போக்குவரத்தும் தொடங்கிய பின்னர், கொழும்பிலிருந்து சென்னை செல்ல ஒரே பயணச்சீட்டுப் போதுமானதாயிற்று. இடையிலே கடலொன்று இருப்பதைப் புகைவண்டிக் கால அட்டவணை மறந்துவிட்டது போலும்!

மண்டபம் முகாம்

ஆயின் இதே வழியில் எதிர்த்திசையிலே தோட்டத் தொழிலுக்கென வந்த எம் முன்னோர்க்கு நிலைமை வேறாயிருந்தது. இராமநாதபுரக் கடற்கரையிலுள்ள மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாமில் அவர்கள் இறக்கப்பட்டனர். உடைகள் தொற்றுநீக்கப்பட்டன, அம்மைப்பால் குத்தப்பட்டது, ஏறக்குறைய ஒரு வாரம் அவர்கள் அங்குக் காத்திருந்தனர். இம்மறிப்பிற்குக் காரணம் இல்லாமலில்லை. முன்னாளில் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் கானகத்தினூடே கால்நடையாய் வந்தோருள் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையானோர் மிகப் பலர். 1914ஆம் ஆண்டிலே கொழும்பிலும் பிளேக்கு நோய் தோன்றியிருந்தது.

எனினும் அம்முகாமில் நோயாளியை மட்டுமன்றி அவனுடைய தாளையும் சோதித்தனர். எத்தோட்டத்திற்குரியவன், எக்கங்காணியின் ஆள் என்பனவெல்லாம் எழுத்திலிருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்ட எண்ணும் ஆள் எண்ணும் பொறித்த தகர வில்லை ஒவ்வொருவர்க்கும் அளிக்கப்பட்டது. அதனினும் கொடியது 'துண்டு'. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதனைச் செலுத்துவோரிடம் அவனை விடுவிப்போம் எனத் துரை எழுதிய தாள் அது. அது கையில் இல்லாதவனுக்கு வேறு தோட்டத்தில் இடமில்லை. 1921ஆம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, முகாமில் ஒரு வாரத்திற் கழிந்துவிடும் நோய்த்தடைக்கு அப்பால், கடன் தீருமட்டும் நீண்ட வேறொரு தடையாக அது நின்றது.

ஐம்பத்தைந்து ஆண்டுக் காத்திருப்பு

நாடு விடுதலை பெற்றபின் சீட்டுத் தடை புதிய உருவெடுத்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், அதற்கு முன் இங்குப் பிறந்தவரிடமும், தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்து அறையிலே பிறந்து லயத்து அறையிலே மடிந்த பாட்டனுக்குச் சான்று எங்கே தேடுவது? அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர்க்காக விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் ஏறக்குறைய 1,34,000 பேரே.

பிரசாவுரிமை இல்லாதவனுக்குக் கடவுச்சீட்டு இல்லை. கடவுச்சீட்டு இல்லாத மாணவனுக்குத் தாமோதரம்பிள்ளை அவர்கள் எளிதிற் கடந்த நீரிணை பெருங்கடலாயிற்று. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டில் இரு நாடுகளும் சரிபாதியாய்ப் பகிர்ந்துகொண்டன. முறை வந்த குடும்பத்துப் பிள்ளை படிப்பை இடையிலே விட்டுப் பெற்றோருடன் புகைவண்டி ஏறியது. அவ்வண்டிக்கு எம் மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி' என்பதாகும். அக்கரையிலே தாயகம் திரும்பியோரை வரவேற்ற இடங்களுள் மண்டபமும் ஒன்று. பேரன் வரும்போது நோய்க்காக அன்றிச் சீட்டுக்காகவே அம்முகாம் வாயில் திறந்தது.

1988ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், முடிவாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாலுமே நாடற்றோர் நிலை நீங்கியது. மண்டபத்தில் ஒரு வாரம். பிரசாவுரிமைக்கு ஐம்பத்தைந்து ஆண்டு. இவ்வொப்பீட்டை மனத்திற் கொண்டு அண்மைக் காலத்தை நோக்குவோம்.

2020ஆம் ஆண்டும் அதன் பின்னும்

2020ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் நாள், சீனத்து வுகான் நகரிலிருந்து இலங்கை மாணவரும் அவர்தம் குடும்பத்தினருமாக 33 பேர் விமானமூலம் மத்தளையில் வந்திறங்கினர். மலைச்சாரலிலுள்ள தியத்தலாவைப் படைமுகாமில் இரு வாரம் தங்கவைக்கப்பட்டு, நோயின்மை உறுதியானபின் வீடு சென்றனர். தடையின் நோக்கம் தெளிவு, நாளும் தெளிவு. நோய்த் தடையின் நல்ல வடிவத்திற்கு இஃதோர் எடுத்துக்காட்டாகும்.

ஆயின் சீனாவிற்கு மீண்டு சென்று கற்க விரும்பிய அயல்நாட்டு மாணவர் கதை வேறு. 2020 மார்ச்சு 28ஆம் நாள் அந்நாடு அயலார்க்கு எல்லையை மூடிற்று. மாணவர்க்கு மீண்டும் விசா வழங்கத் தொடங்கியது 2022 ஆகஸ்டு 24ஆம் நாள். மருத்துவம் கற்றோர் நோயாளியைத் தொட்டுக் கற்கவேண்டிய ஆண்டுகளைக் கணினித் திரைமுன் கழித்தனர். அவுஸ்திரேலியா 2020 மார்ச்சு 20 முதல் 2021 டிசம்பர் 15 வரை மாணவர்க்குப் பெரும்பாலும் வாயில் திறக்கவில்லை. இரு வாரத் தனிமையை ஏற்க ஆயத்தமாயிருந்த மாணவனுக்கும் அத்தனிமையைத் தொடங்கவே இசைவு கிடைக்கவில்லை.

கனடாவில் ஒரு தேதியே வரம்பாயிற்று. 2020 மார்ச்சு 18ஆம் நாளோ அதற்கு முன்னரோ கல்வி அனுமதி ஏற்கப்பட்டோர் பயணத் தடையினின்று விலக்கப்பட்டனர். மறுநாள் ஏற்கப்பட்டோர் நின்றனர். விரலடையாளம் பதியும் நிலையங்கள் பல நாடுகளில் மூடிக்கிடந்தமையால், விண்ணப்பம் முழுமையுறவும் வழியில்லை. தொறன்ரோவிற் பகல் நடக்கும் வகுப்பை இங்கிருந்து கேட்பவன், கோடைக்காலத்தில் ஒன்பதரை மணிநேர வேறுபாட்டால் இரவெல்லாம் விழித்திருத்தல் வேண்டும். மலைமடிப்பில் அலைபேசிச் சமிக்ஞை கிட்டாத தோட்டங்களில் அதுவும் அரிது.

அரசுகள் எல்லையை மூடியது முற்றும் தவறென்பது எம் கருத்தன்று. உயிரைக் காத்தல் அரசின் முதற்கடன். ஆயின் தாளின் தடை இயற்கையால் வந்ததன்று. மனிதர் எழுதியது, மனிதர் மாற்றக்கூடியது. அதற்கும் அக்காலமே சான்று. இணையவழி மட்டும் கற்கும் அயல்நாட்டு மாணவர் நாட்டைவிட்டு நீங்கவேண்டுமென 2020 சூலை 6ஆம் நாள் அமெரிக்க அரசு விடுத்த விதி, ஆர்வாட் பல்கலைக்கழகமும் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகமும் வழக்குத் தொடுத்தமையால், அதே மாதம் 14ஆம் நாள் கைவிடப்பட்டது. கனடாவும் விண்ணப்பத்தை இரு கட்டமாய் ஆராய்ந்து முதற்கட்ட இசைவளிக்கவும், வெளிநாட்டிலிருந்தே கற்ற காலத்தைக் கணக்கிற் கொள்ளவும் இணங்கிற்று. கேட்பாரும் வாதிடுவாரும் உள்ளவிடத்துத் தாள் வளைந்தது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் விளங்குவது யாது? நோய்த் தடைக்கு எல்லை நோயே; சீட்டுத் தடைக்கு எல்லை, அதனை எழுதுவோரின் மனமும், எதிர்த்துக் கேட்போரின் வலியுமாகும். கேட்க ஆளில்லாத எம் முன்னோர் ஐம்பத்தைந்து ஆண்டு காத்திருந்தனர். ஆதலின், எதிர்காலத்தில் கொள்ளைநோய் எதுவும் தோன்றுமாயின், மாணவரை நிறுத்தும் ஒவ்வோர் ஆணையும் அது முடியும் நாளையும் உடன் கூறுதல் வேண்டும் எனக் கேட்பது நியாயமேயாம். இரகூசா நகரத்தார் 1377ஆம் ஆண்டிற் செய்ததை இக்காலத்தார் செய்யலாகாதோ?

ஆசிரியராகிய எமக்கும் இதில் ஒரு கடமையுண்டு. பொல்பிட்டிய போன்ற மலைப்புறங்களில் மாணவன் ஒருவனுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும், பாடசாலைப் பதிவேட்டில் வேறொரு பெயரும் இருத்தலை இன்றும் காண்கின்றோம். சிலர்க்குச் சான்றிதழே இல்லை. அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் இடமளித்த பின்னர் ஓரெழுத்துப் பிழைக்காகத் திணைக்களந் தோறும் அலைபவனுக்குக் கொள்ளைநோய் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? ஆறாம் வகுப்பிற் சேரும் நாளிலேயே அவனது சான்றிதழை வாங்கிப் படித்துப் பார்த்துப் பிழை திருத்துவிப்போமாயின், பாட்டன் பட்ட காத்திருப்பில் ஒரு பகுதியேனும் பேரனுக்குக் குறையும். தகர வில்லை கழுத்தில் தொங்க மலையேறி வந்தவர் வழித்தோன்றல், தன் பெயர் பிழையின்றி எழுதிய கடவுச்சீட்டோடு மலையிறங்கிக் கற்கச் செல்லும் நாளை விரைவுபடுத்துவோமாக.