செம்பருத்திச் செடிக்குள் ஒரு ‘டக்’

மயிலாப்பூரிலோ அடையாறிலோ கொல்லைப்புறம் மிச்சமிருக்கும் வீடுகளில், செப்டம்பர் கடைசி முதல் செம்பருத்திச் செடிக்குள்ளிருந்து ‘டக்... டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். கூழாங்கல்லைக் கூழாங்கல்லால் தட்டுவது போல. குனிந்து தேடினால் மங்கிய பழுப்பில் ஒரு சின்னக் குருவி. கோடு இல்லை, புள்ளி இல்லை, தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. தையல்சிட்டு என்று நினைத்து உள்ளே போய்விடுவோம். ஆனால் தையல்சிட்டுக்கு உச்சந்தலை செம்பழுப்பு, வாலும் தூக்கி நிற்கும்.

இது பிளைத் நாணல் கதிர்க்குருவி. பின்லாந்து தொடங்கி சைபீரியா, மத்திய ஆசியா வரை கோடையில் கூடு கட்டும். குளிர்காலத்துக்கு இந்தியா, இலங்கை. எடை பத்துப் பன்னிரண்டு கிராம்தான்.

கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகத்தைக் கவனித்துக்கொண்ட எட்வர்ட் பிளைத் 1849இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். அந்த லத்தீன் பெயருக்குப் புதர்களில் வாழ்வது என்று பொருள். வேடிக்கை என்னவென்றால், பொதுப் பெயரில் நாணல் ஒட்டிக்கொண்டது. குருவி இருப்பதென்னவோ வேலியோரப் புதரில்.

சென்னையும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. 1836இல் இங்கே வந்த ராணுவ மருத்துவர் ஜெர்டன், 1839 முதல் தென்னிந்தியப் பறவைகளின் பட்டியலை மெட்ராஸ் இலக்கியச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். அந்தக் காலத்தில் பறவையை அடையாளம் காண்பது என்றால் சுட்டு, தோலுரித்து, பஞ்சடைத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. வேறு வழியும் அதிகம் இல்லை. ஆனால் பஞ்சடைத்த தோலுக்குக் குரல் ஏது? இங்கிலாந்தில் கில்பர்ட் வைட் என்ற பாதிரியார், ஒன்றுபோலத் தெரிந்த மூன்று கதிர்க்குருவிகளைப் பாட்டை வைத்தே பிரித்தது 1768இல்!

தோலை நம்பியதால் என்ன ஆனது? 1867இல் சட்லெஜ் பள்ளத்தாக்கில் ஹியூம் (ஆம், பின்னால் காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான அதே ஹியூம்) சற்றுப் பெரிய அலகுள்ள ஒரு கதிர்க்குருவியைப் பிடித்தார். பிறகு 139 ஆண்டுகள் யாரும் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. 2006இல் தாய்லாந்தில் பிலிப் ரவுண்டின் வலையில் ஒன்று சிக்கியது. மரபணுச் சோதனை அதுதான் என்றது. உடனே பழைய சேகரிப்புகளைத் துழாவினார்கள். இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்தில், 1869இல் இந்தியாவில் பிடித்த இன்னொன்று அகப்பட்டது. எங்கே? பிளைத் குருவிகளின் இழுப்பறைக்குள்! நிபுணர்களின் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது.

2008இல் ஆப்கானிஸ்தானின் வாகான் பகுதியில் ராபர்ட் டிம்மின்ஸ் ஒரு குருவியின் பாட்டைப் பதிவு செய்தார். அவரும் முதலில் பிளைத் என்றே நினைத்தார். பாட்டு வேறாக இருந்தது. மறு ஆண்டு அங்கே வலை போட்டுப் பிடித்து உறுதி செய்தார்கள்.

ஆகவே செம்பருத்தியடியில் கண்ணை விடக் காது உதவும். ‘டக்’ என்றால் பெரும்பாலும் பிளைத். மரத்தின் மேலிருந்து ‘ச்சி-வீ’ என்று கூர்மையாக வந்தால் பச்சைக் கதிர்க்குருவி. அதற்குக் கண்ணுக்கு மேல் வெளிர்ப்பட்டை உண்டு. மார்ச், ஏப்ரலில் ஊர் திரும்பும் முன் பிளைத் குருவி அதே புதருக்குள் மெல்லப் பாடவும் செய்யும். விடியற்காலையில், ஆட்டோ சத்தம் தொடங்குவதற்கு முன்.