வாங்கியவரிடமே மறைக்கலாமா? இராணுவ ட்ரோன்களில் திறந்த மூலமும் மூடிய மூலமும்

2025 ஜூன் 1 அன்று உக்ரைனின் பாதுகாப்புச் சேவை, ரஷ்ய விமானத் தளங்களுக்கு அருகே லாரிகளில் கொண்டுசென்ற 117 ட்ரோன்களைக் கிளப்பிக் குண்டுவீச்சு விமானங்களைத் தாக்கியது. அவற்றில் ஓடியது ஆர்டுபைலட் என்று, அந்தத் திட்டத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிறிஸ் ஆண்டர்சன் பொதுவெளியில் குறிப்பிட்டார். பொழுதுபோக்காக விமானம் விடுபவர்களுக்காகப் பிறந்து, யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி இருக்கும் மென்பொருள் அது. ஆண்டுரில் நிறுவனத்தின் லேட்டிஸும் ஷீல்டு ஏஐ நிறுவனத்தின் ஹைவ்மைண்டும் இதற்கு நேர்மாறானவை. அவற்றின் மூலநிரல் நிறுவனத்தின் சொத்து.

திறந்த மூலம், மூடிய மூலம் என்ற இவ்விரு வகைகளையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் விலை, வேகம், பாதுகாப்பு என்ற அளவுகோல்களோடு நின்றுவிடுகிறார்கள். எதிரியிடமிருந்து மறைப்பதும் வாங்கிய அரசிடமிருந்து மறைப்பதும் வெவ்வேறு என்பதை அவர்கள் கணக்கில் கொள்வதில்லை. முன்னதற்கு நியாயம் உண்டு. பின்னதற்கு இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கீழடுக்கு: பறத்தல்

ட்ரோனின் தன்னியக்கத்தை இரண்டு அடுக்குகளாகப் பிரித்துப் பார்க்கலாம். சமநிலை காத்து, வழியறிந்து பறப்பது கீழடுக்கு. இலக்கை அடையாளம் கண்டு பின்தொடர்வதும், பல ட்ரோன்களை ஒருங்கிணைப்பதும் மேலடுக்கு.

கீழடுக்கில் ஓர் எடுத்துக்காட்டு. ஆர்டுபைலட், தன் உணரிகளைக் கொண்டு கணித்த இடத்தையும் ஜிபிஎஸ் சொல்லும் இடத்தையும் கால்மன் வடிகட்டி மூலம் ஓயாமல் ஒப்பிடுகிறது. இரண்டும் அளவுமீறி முரண்பட்டால், இடமறிந்து பறந்துகொண்டிருக்கும் பல்சுழலி ட்ரோன் இயல்பமைப்பின்படி தரையிறங்கத் தொடங்கும். வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோனுக்கு இது நல்ல ஏற்பாடு. ஜிபிஎஸ் குழப்பம் அன்றாடமாகிவிட்ட போர்முனையிலோ, ட்ரோனை எதிரியிடம் ஒப்படைப்பதற்குச் சமம். திறந்த மூலத்தில் படைப்பிரிவின் பொறியாளர் இந்த அமைப்பை அன்றைக்கே மாற்றலாம். வேண்டுமானால் கேமராவைக் கொண்டு வழியறியும் நிரலையும் சேர்க்கலாம். மூடிய மூலத்தில், உற்பத்தியாளர் திறந்துவிட்ட அமைப்புகளைத் தாண்டி எதையும் தொட முடியாது. அவருடைய அடுத்த பதிப்புக்குக் காத்திருக்க வேண்டும்.

இந்தச் சுதந்திரத்துக்கு விலை உண்டு. ஆர்டுபைலட்டின் நடத்தை விதிகளின்படி, அதை ஆயுதமாக்குவதற்கு அதன் உருவாக்குநர்கள் தெரிந்தே உதவமாட்டார்கள். ஆகவே பழுது வந்தால் பொறுப்பேற்க எதிரே நிறுவனம் இல்லை. திறந்த மூலத்தை எடுத்துக்கொள்ளும் படை, தன் பொறியாளர்களைத் தானே வளர்த்தாக வேண்டும்.

மறைப்பு பாதுகாப்பாகுமா?

நிரல் வெளியே தெரிந்தால் எதிரி ஓட்டைகளைக் கண்டுபிடிப்பான் என்பது மூடிய மூலத்தின் முதன்மை வாதம். ஆனால் குறியாக்க முறை முழுவதும் எதிரிக்குத் தெரிந்தாலும் சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும் என்ற கோட்பாட்டை 1883இலேயே கெர்க்ஹோஃப்ஸ் முன்வைத்துவிட்டார். அனுபவமும் அதையே சொல்கிறது. ட்ரோனும் தரைநிலையமும் பேசிக்கொள்ளப் பயன்படும் மேவ்லிங்க் 2 நெறிமுறையில், ஒவ்வொரு செய்தியுடனும் 13 பைட் கையொப்பம் சேர்க்கலாம். அது கட்டாயமல்ல, செய்தியின் உள்ளடக்கத்தை மறைப்பதும் இல்லை. இந்தக் குறை வெளிப்படையாகத் தெரிவதால், பயன்படுத்துவோர் முதல் நாளே தனியாகக் குறியாக்கம் செய்துகொள்ள முடிகிறது.

டிஜேஐ ட்ரோன்களில் நடந்தது வேறு. ட்ரோனின் இடத்தோடு இயக்குபவரின் இடத்தையும் ஒலிபரப்பும் அடையாளச் சமிக்ஞை குறியாக்கம் செய்யப்பட்டது என்று நிறுவனம் சொல்லிவந்தது. அப்படியில்லை என்று 2022இல் ஒப்புக்கொண்டது. அதற்குள் உக்ரைனில் போர் மூண்டிருந்தது. நிறுவனத்தின் சொல்லைத் தவிர வேறு ஆதாரம் இல்லாத இடத்தில், தவற்றின் விலையை இயக்குபவர் உயிரால் கொடுக்க நேரும்.

மேலடுக்கு: இலக்கு

மறைப்பு பாதுகாப்பாகாது என்ற இந்த வாதம் மேலடுக்குக்கு அப்படியே பொருந்தாது. டாங்கியை டிராக்டரிலிருந்து பிரித்தறிவது, நிரல் வரிகளில் எழுதப்பட்ட விதி அல்ல. பயிற்சித் தரவிலிருந்து நரம்பு வலையமைப்பு கற்றுக்கொண்ட, எடைகள் எனப்படும் எண்களே அதைச் செய்கின்றன. நிரலைத் திறந்து காட்டினாலும், பனியிலும் புகையிலும் அது எப்போது தவறும் என்பது தெரியாது. எடைகளைப் பொதுவில் வெளியிட்டால், ஏமாற்றும் உருமறைப்பை எதிரி எளிதில் வடிவமைப்பான். இங்கே ரகசியத்துக்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் அந்தக் காரணம் எதிரியோடு முடிகிறது. ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டு முதல் கூடுதல் நெறிமுறையின் 36ஆம் பிரிவு, புதிய ஆயுதத்தை ஏற்கும் அரசு அதன் பயன்பாடு சர்வதேசச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டதா என ஆராய வேண்டும் என்கிறது. தன்னியக்க ஆயுதங்கள் குறித்த அமெரிக்காவின் 3000.09 உத்தரவு, படைபலப் பிரயோகத்தில் தக்க அளவு மனிதத் தீர்மானத்தைக் கோருகிறது. பயிற்சித் தரவையும் சோதனைப் பதிவுகளையும் காணாமல் இவற்றை நிறைவேற்றியதாகச் சொல்வது, விற்றவரின் உறுதிமொழிக்கு அரசு முத்திரை குத்துவதாகவே முடியும்.

என்ன செய்ய வேண்டும்?

வழி ஏற்கனவே தெரிகிறது. ஆர்டுபைலட்டின் ஜிபிஎல் உரிமம், மூலநிரலை உலகுக்கு வெளியிடச் சொல்லவில்லை. மென்பொருளைப் பெற்றவருக்குக் கொடுக்கச் சொல்கிறது. இன்னொரு திறந்த மூலப் பறத்தல் மென்பொருளான பிஎக்ஸ்4இன் பிஎஸ்டி உரிமத்தில் அந்தக் கடமை இல்லை, எடுத்தவர் மூடிக்கொள்ளலாம். எனவே திறந்த மூலத்திலிருந்து வந்தது என்ற விளம்பரம் வாங்குபவருக்கு எந்த உரிமையையும் தந்துவிடாது. ஜிபிஎல் தரும் உரிமையை அரசுகள் மேலடுக்கின் கொள்முதல் ஒப்பந்தங்களிலும் எழுத வேண்டும்: மூலநிரல், எடைகள், பயிற்சித் தரவு, சோதனைப் பதிவுகள், அவற்றை மாற்றும் அதிகாரம். அடுக்குகளுக்கு இடையிலான இடைமுகங்கள் அரசின் கையில் இருக்க வேண்டும். அமெரிக்க விமானப்படை, போர்விமானங்களுக்குத் துணையாகப் பறக்கும் ட்ரோன்களுக்கென இடைமுகக் கட்டமைப்பைத் தானே வகுத்திருப்பதால்தான், விமானம் ஒருவருடையதாகவும் தன்னியக்க மென்பொருள் வேறொருவருடையதாகவும் இருக்க முடிகிறது.

நிறுவனங்கள் தங்கள் முதலீட்டைக் காத்துக்கொள்ளட்டும். போட்டியாளரிடமிருந்து மறைக்க அவற்றுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் கொல்லும் முடிவுக்குச் சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டியது அரசு. பதில் சொல்ல வேண்டியவர் பார்க்க முடியாத மென்பொருளை, எவ்வளவு திறமையாகப் பறந்தாலும், ஆயுதமாக ஏற்கக்கூடாது.