நாடி வழியே ஒரு மருந்து

1917 ஆம் ஆண்டில் பெல்ஜியத்தின் ஈப்பர் களத்தில் கடுகு வாயு மனிதரை மாய்த்தது. அதன் இனத்ததாகிய நைதரசன் கடுகினை, 1942 இல் யேல் பல்கலைக்கழகத்தார் கில்மனும் குட்மனும் புற்றுநோய்க்கு மருந்தாகச் சோதித்தனர். நஞ்சு உடலெங்கும் பரவாது நோயுற்ற இடத்தையே பெரிதும் சேரவேண்டுமென்று, அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் குளொப் அதனை நாடி வழியே செலுத்தி, 1950 இல் முடிவுகளை வெளியிட்டார். 1953 இல் சுவீடனின் செல்டிங்கர், தோலை ஊசியால் துளைத்தே நாடிக்குள் மென்குழாய் செலுத்தும் முறையை அறிவித்தார்.

பித்தப்பைக்குக் குருதி ஊட்டுவது பெரும்பாலும் வலது ஈரல் நாடியின் கிளையே. முற்றிய பித்தப்பைப் புற்றுநோய்க்கு இவ்வழியே மருந்தூட்டும் முயற்சி இவ்வாறு பிறந்தது. ஆயினும் 2010 இல் வெளியான பிரித்தானிய ஆய்வின் பின் பொதுச் சிகிச்சையாக நிலைத்தவை, நாளத்தில் ஏற்றும் ஜெம்சைற்றபினும் சிஸ்பிளாற்றினுமே.

நேயர்களே, வழி எதுவாயினும், முற்றிய நோயை இவை தணிக்கும், வேரறுத்தல் அரிது. தொடக்கத்திலேயே பித்தப்பையை அகற்றுவதே குணத்துக்கு வழி. அந்நோயோ ஓசையின்றி வளர்வது. அட்டனிலோ நுவரெலியாவிலோ கொழுந்து பறிக்கும் தாயொருத்தி, வலது விலாவின் கீழ் நீங்காத வலியை வாய்வென்றெண்ணி, அன்றைய பேரை இழக்க அஞ்சிக் கண் மஞ்சளாகும் வரை காத்திருப்பாளாயின், எழுபதாண்டு விஞ்ஞானமும் அவள்முன் கைகட்டி நிற்கும். ஆதலின் அவ்வலியைக் காலந்தாழ்த்தாது வைத்தியருக்குச் சொல்லுதல் வேண்டும்.