அளப்பு: நெல்லும் கதையும்

"என்னவே, காலங்காத்தால அளக்க ஆரம்பிச்சிட்டீரா?" என்று திருநெல்வேலிப் பக்கம் ஒருவர் கேட்டால், அங்கே நெல்லும் கிடையாது, மரக்காலும் கிடையாது. விளையாட்டாகக் கற்பனையை நீட்டிப் பேசுவதே அளப்பு. நடக்காத விஷயம் என்பது சொல்பவனுக்கும் தெரியும், கேட்பவனுக்கும் தெரியும். 'பொய் சொல்லுதான்' வேறு, 'அளக்கான்' வேறு.

இது வெறும் கொச்சை வழக்கு அல்ல. தொல்காப்பியச் செய்யுளியல் உரைநடையை வகைப்படுத்தும்போது, நிகழாததைப் புனைவதற்கும் பொருளோடு கூடிய நகைப்பேச்சுக்கும் தனித்தனி இடம் தருகிறது. முன்னதற்கு யானையும் குருவியும் நட்பான கதையைச் சுட்டுகிறார் பேராசிரியர்.

ஆனால் பேச்சுக்கு ஏன் அளவைச் சொல் ஒட்டிக்கொண்டது? தாமிரபரணிப் பாசனத்தில் களத்துமேடுதான் அதிகாரம் கண்ணுக்குத் தெரியும் இடம். ஒரே மரக்காலைக் குவித்தும் அளக்கலாம், தலைதட்டியும் அளக்கலாம். கருவி ஒன்று, கணக்கு இரண்டு. அளவுக்குள்ளேயே புனைவு இருப்பதைக் களத்தில் நின்றவன் அறிவான்.

சீவலப்பேரி அருகே சிற்றாறு தாமிரபரணியில் கலக்கும் ஊரைப் பாடுகிறது முக்கூடற்பள்ளு. பண்ணைக்காரன் கணக்குக் கேட்க, பள்ளன் விதைவகைகளையும் மாட்டுவகைகளையும் அடுக்குகிறான். மூத்த மனைவி முறையிட, அவன் காலில் கட்டை மாட்டப்படுகிறது. கடைசியில் நெல் அளந்தபோது தன் பங்கு வரவில்லை என்று மறுபடியும் வழக்கு. பண்ணைக்காரனின் தோற்றத்தைக் கேலி செய்யும் இப்பிரதி, உழைப்பவன் வீட்டுச் சண்டையையும் வேடிக்கையாக்குகிறது. இதைப் பாடியவர் யார் என்பது உறுதியாகத் தெரியவில்லை. சிரிப்பு யாருடையது, யார்மீது என்று கேட்காமல் இதை நாம் வாசிக்க முடியாது.

1956இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று எடைக்கும் அளவைக்கும் மெட்ரிக் தரம் வகுத்தது. மற்றொன்று சென்னை மாநிலக் குத்தகைதாரர் தர வேண்டிய நியாயக் குத்தகையை வரையறுத்தது. மரக்கால் மெல்ல ஒழிந்தது. 'அளக்கான்' மட்டும் நின்றுவிட்டது.

அந்தச் சொல் இன்றும் எல்லோர்மீதும் ஒரேமாதிரி விழுவதில்லை. டீக்கடையில் கூலியாள் சொன்னால் அளப்பு. கோயிலில் சொன்னால் தலபுராணம். மேடையில் சொன்னால் வரலாறு. தன் குறையை ஒருவன் சொல்லும்போதே "சும்மா அளக்காதடே" என்று வாயடைப்பவர்களும் உண்டு. விளையாட்டுக்கான சொல் அப்போது தலைதட்டும் கோலாகிவிடுகிறது. சொல்லின் பொருளைத் தேடுகிறவர்கள், அதை யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும்.