காட்மனின் அட்டைகள்

1890களில் பாஸ்டன் மருத்துவமனைகளில் நோயாளிக்கு ஈதர் கொடுத்து மயக்கும் வேலை பெரும்பாலும் மாணவர்கள் தலையில்தான் விழும். ஹார்வர்டில் படித்த ஏர்னஸ்ட் காட்மனும் ஹார்வி குஷிங்கும் இதில் யார் கெட்டிக்காரர் என்று ஒரு விருந்தைப் பந்தயம் வைத்தார்கள். நாடித் துடிப்பையும் மூச்சையும் தாளில் குறித்தபடியே மயக்கம் கொடுக்கத் தொடங்கினார்கள். எந்த இடத்தில் கவனம் தேவை என்பதைத் தாளே காட்டிக்கொடுத்தது.

குஷிங் பிற்பாடு மூளை அறுவை சிகிச்சையில் பெரும்புகழ் பெற்றார். காட்மனை வேறொரு கேள்வி பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு அனுப்பிய நோயாளி ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறார்?

மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணியாற்றியபோது அவர் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை எழுதினார். என்ன தொல்லையோடு வந்தார், மருத்துவர் என்ன நோய் என்றார், என்ன செய்தார், பின்னால் என்ன ஆயிற்று என்பதெல்லாம் அதில் இருக்கும். குணமாகவில்லையென்றால் காரணத்தையும் எழுத வேண்டும்: திறமைக் குறைவா, தவறான முடிவா, கருவி போதாமையா, நோயை அறியத் தவறியதா, வெல்லவே முடியாத நோயா? காரணம் தெரிந்தால்தான் அடுத்த நோயாளிக்கு அதைத் தவிர்க்க முடியும் என்பது அவர் வாதம்.

பணிமூப்பை வைத்தே பதவி உயர்வு தரும் வழக்கத்தை எதிர்த்து 1914இல் அங்கிருந்து விலகினார். அதற்கு முன்பே, 1911இல், சொந்தமாகச் சிறு மருத்துவமனை தொடங்கியிருந்தார். 1916 வரை அங்கே சிகிச்சை பெற்றுச் சென்றவர்கள் 337 பேர். பதிவான பிழைகள் 123. தன் பிழைகளையும் சேர்த்து அத்தனையையும் அச்சிட்டு வெளியிட்டார். இன்று படித்தாலும் வியக்க வைக்கும் துணிச்சல் அது.

1915 ஜனவரியில் நடந்த மருத்துவர் கூட்டமொன்றில் பெரிய கேலிச்சித்திரம் ஒன்றைத் திறந்து காட்டினார். மணலுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு மருத்துவர்களுக்குப் பொன்முட்டையிடும் தீக்கோழி, பாஸ்டனின் வசதிபடைத்த பகுதி மக்களைக் குறித்தது. அரங்கம் கொந்தளித்தது, உள்ளூர் மருத்துவச் சங்கத்தில் வகித்த பொறுப்பும் போயிற்று.

ஆனால் அவருடைய எண்ணத்தை அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி கைவிடவில்லை. அது 692 பெரிய மருத்துவமனைகளை ஆய்ந்தபோது குறைந்தபட்சத் தரத்தை எட்டியவை 89 மட்டுமே. பட்டியல் வெளியானால் விபரீதம் என்று 1919இல் அதை எரித்துவிட்டார்கள். ஆய்வுகள் மட்டும் தொடர்ந்தன. அவற்றின் வழியில் 1951இல் மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று வழங்கும் கூட்டு ஆணையம் பிறந்தது.

இதற்கிடையே தொழிற்சாலையிலிருந்தும் ஒரு வழி திறந்தது. பெல் நிறுவனத்தில் உற்பத்தித் தரத்தின் ஏற்ற இறக்கத்தைக் கண்காணிக்க வால்டர் ஷூவர்ட் 1924இல் வகுத்த கட்டுப்பாட்டு வரைபடம், எட்வர்ட்ஸ் டெமிங் மூலம் உலகெங்கும் பரவியது. சிறிய அளவில் திட்டமிட்டுச் செய்து பார்ப்பது, விளைவை ஆராய்ந்து திருத்துவது, மறுபடி தொடங்குவது என்று அவர்கள் வலியுறுத்திய சுழற்சி, நூற்றாண்டின் இறுதியில் மருத்துவமனைகளுக்குள்ளும் நுழைந்தது.

அதன் வலிமையை மிச்சிகன் மாநிலத் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் காட்டின. பெரிய இரத்தக் குழாயில் செருகும் வடிகுழாய் வழியே தொற்று பரவி நோயாளிகள் இறந்துகொண்டிருந்தார்கள். பீட்டர் ப்ரோனோவோஸ்ட் குழு தந்தவை ஐந்தே படிகள்: கை கழுவுதல், குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினியால் தோலைத் துடைத்தல், முழுப் பாதுகாப்பு உடை, தொடை இரத்தக் குழாயை இயன்றவரை தவிர்த்தல், தேவை தீர்ந்ததும் வடிகுழாயை எடுத்துவிடுதல். ஒரு படி விடுபட்டாலும் மருத்துவரை நிறுத்தும் உரிமை செவிலியருக்கு இருந்தது. தொற்றுக் கணக்கு அந்தந்தப் பிரிவுக்கே திரும்பி வந்தது. ஆயிரம் வடிகுழாய் நாள்களுக்கு 2.7 என்றிருந்த இடைநிலைத் தொற்று விகிதம் மூன்று மாதங்களுக்குள் பூஜ்யமாயிற்று. பதினெட்டு மாதம் கழித்தும் அப்படியே நின்றது என்று 2006இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது.